கடல் கொந்தளிக்கும் நாளில் வயர்லெஸ்ஸைச் சோதியுங்கள்: மீனவர் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

கார்த்திகைப் புயல் எச்சரிக்கை ஏன் எங்கள் போட்டுகளுக்கு வந்து சேரவில்லை என்று கேட்டிருந்தோம். "மோசமான வானிலையால் சிக்னல் பாதிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினீர்கள். நன்றி. மழையில் பாதிக்கப்படுவது உங்கள் அலுவலக மாடியில் இருக்கும் டிஷ். அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனமழை அதைத் தின்றுவிடும். வயர்லெஸ்ஸின் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர். மழை அதை ஒன்றும் செய்யாது.

நடந்தது வேறு. கரையிலுள்ள வயர்லெஸ் செட்டை நீங்கள் சோதித்தது பங்குனியில், கடல் எண்ணெய் போல் கிடந்த நாளில். அப்படிப்பட்ட நாட்களில் நீரை ஒட்டி ஈரக்காற்றும் அதன்மேல் உலர்ந்த சூட்டுக்காற்றும் அடுக்காகப் படிந்துவிடும். ரேடியோ அலை மேலே போகாமல் அந்த அடுக்குக்குள் வளைந்து வளைந்து தொடுவானம் தாண்டி ஓடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பம்பாயில் இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ராடாரில், கோடையில் 1000 மைலுக்கு அப்பாலுள்ள அரேபியக் கரை தெரிந்தது. பருவமழை வந்ததும் மறைந்துபோனது. உங்கள் கோப்பிலுள்ள "60 நாட்டிக்கல் (கடல் மைல்) வரை தெளிவு" என்பதும் அந்த வகைதான். காற்றடித்து அடுக்கு கலைந்தால் மிஞ்சுவது ஆன்டெனாக்களின் உயரத்துக்கு எட்டும் தூரம் மட்டுமே: 30 மீட்டர் கோபுரத்துக்கும் 4 மீட்டரில் நிற்கும் போட்டு ஆன்டெனாவுக்கும் 17 நாட்டிக்கல்.

அன்று இரவு அதற்கு அப்பால் கிடந்தவர்களுக்குச் சேதி சொன்னது யார் தெரியுமா? கரை திரும்பிக்கொண்டிருந்த ஒரு போட்டு. இரண்டு பக்கமும் கேட்கிற இடமாகப் பார்த்து, எஞ்சினைக் குறைத்து, அலைக்கு முகம் கொடுத்து நின்றது. கரை சொல்வதை வாங்கி, போட்டை ஓட்டும் ஸ்ராங்கு வெளியே சொல்வார். வெளியிலிருந்து ஒரு போட்டின் பேர் வந்தால் கரைக்குச் சொல்வார். வீல்ஹவுஸுக்குள் தண்ணீர் அடித்தது. "போயிருவோம் மாமா" என்று கூட இருந்த பையன்கள் கெஞ்சியிருக்கிறார்கள். விடியும்வரை அவர் மைக்கை வைக்கவில்லை. கோபுரம் பார்க்க வேண்டிய வேலையை ஆட்கள் பார்த்தார்கள். எல்லோரும் கரை சேர்ந்துவிட்டதால் உங்கள் கணக்கில் அது ஒரு சம்பவமே இல்லை.

ஆகவே கேட்கிறோம்: ஐப்பசி, கார்த்திகையில், காற்று பலமாக இருக்கும் ஒரு நாளில் சோதனை செய்யுங்கள். அன்று கேட்கிற தூரத்தையே கோப்பில் எழுதுங்கள். அதன்பின், 200 மீட்டர் உயரக் குன்று ஒன்றில், கேட்டதை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வைத்தால் 35 நாட்டிக்கல் வரை கிடைக்கும். கடல் அமைதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

2017இல் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி எட்டவில்லை. அதற்குப் பிறகு செயற்கைக்கோள் கருவிகளுக்கு எத்தனை விழா, எத்தனை பேனர்! பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகும் பெரிய போட்டுகளுக்கு அவை வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வள்ளக்காரன் கையில் இருப்பது இந்த வயர்லெஸ் ஒன்றுதான். "எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்றனர்" என்ற உங்கள் செய்திக்குறிப்பு மட்டும் எந்த வானிலையிலும் தடையில்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம். பங்குனியில் அல்ல, கார்த்திகையில் சோதியுங்கள். போட்டு நாங்கள் தருகிறோம், டீசலும் எங்கள் செலவு. கருவியோடு ஓர் அதிகாரி கூட வந்தால் போதும். தேதியை ஐப்பசி பிறக்கும் முன் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
போட்டு உரிமையாளர்களும் தொழிலாளர்களும்