சாதாரண நாளில் போய்ப் பார், கண்ணு

கோபிசெட்டிபாளையம்,
மார்ச் 9

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கொல்லையில் மாமரம் நன்றாகப் பூத்திருக்கிறது. மற்றச் செய்திகளை அம்மா தனியாக எழுதுவாள்; நான் பேத்தி சின்னக்குட்டியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"ஸ்கூல் எல்லாம் பார்த்துட்டேன்பா, ரேட்டிங் பரவாயில்லை, கவலைப்படாதீங்க" என்று நீ ஒரு வரி அனுப்பி இருபத்திரண்டு நாள் ஆகிறது. அதற்குப் பிறகு நீ பேசவில்லை. மருத்துவமனையில் உனக்கு ஓய்வில்லை என்பது எனக்குத் தெரியும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நீ பார்த்தது கணினித் திரையில் ஓர் எண்ணை. கல்வித் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்து, அதில் பதினாறு வருடம் பள்ளிகளை ஆய்வு செய்வதையே வேலையாகக் கொண்டிருந்த நான், அதைப் பள்ளியைப் பார்த்ததாக ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

நீ ஜூலையில் வேலைக்குப் போகப்போகும் வெஸ்ட் வர்ஜீனியாவைப் பற்றி இந்த மூன்று வாரமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி; அந்த மாநிலத்தில் 55 கவுண்டிகள், 55 பள்ளி நிர்வாகங்கள். ஒரு கவுண்டி முழுவதற்கும் ஒரே நிர்வாகம். நீ இப்போது இருக்கும் பிட்ஸ்பர்க் பகுதியில், அலெகெனி கவுண்டிக்குள்ளேயே 43 பள்ளி நிர்வாகங்கள் இருக்கின்றன. ஒன்று பிடிக்கவில்லை என்றால் நாலு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொள்ளலாம். நீ போகப்போகும் பொகஹான்டாஸ் கவுண்டியில் அதற்கு வழியில்லை. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் 7,869 பேர். நம் ஊரில் நாலைந்து வார்டுகளில் அடங்கிவிடும் மக்கள், 940 சதுர மைல் மலையிலும் காட்டிலும் சிதறி இருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி ஒன்றே ஒன்றுதான். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் பள்ளியை முதலில் பார்த்துவிட்டு அதன்பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நீ கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பள்ளியைத் தேடியிருக்கிறாய்.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. டாக்டர்கள் போகத் தயங்கும் ஊரில் மூன்று வருடம் வேலை செய்தால், இரண்டு வருடம் தாய்நாடு திரும்ப வேண்டிய விசா நிபந்தனை நீங்கும் என்று நீ விளக்கிய அன்றே, மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 பேருக்குத்தான் அது கிடைக்கும் என்பதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த முப்பதில் ஒருத்தி என் மகள் என்பதை வங்கியில், ரேஷன் கடையில், பார்த்த இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கிராமத்து மக்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாய் என்பதில் எனக்கு இருக்கும் பெருமையைக் கடிதத்தில் எழுதி முடிக்க முடியாது. ஆனாலும் பள்ளியை நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ரேட்டிங் எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அது பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருவது. ஒரு வகுப்பில் 14 குழந்தைகள் இருந்தால் ஒரு குழந்தை என்பது ஏழு சதவீதம். இரண்டு குழந்தைகளுக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தால் பள்ளியின் தரம் இறங்கிவிட்டதாகக் கணக்கு சொல்லும், நன்றாகப் படிக்கும் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனாலும் அப்படியே சொல்லும். மிகச் சிறிய வகுப்பென்றால் குழந்தைகள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணையே மறைத்துவிடுகிறார்கள். இலவச மதிய உணவு பெறுவோர் சதவீதத்தை வைத்து அந்த ஊரின் வறுமையை அளப்பதிலும் இப்போது பயனில்லை. 2014 முதல், நாடு முழுவதும் வறுமை மிகுந்த பகுதிகளில் பள்ளி முழுவதற்கும் இலவசமாகச் சாப்பாடு போட வழி செய்திருக்கிறார்கள். எண்களில் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத குழந்தைகள் எத்தனை பேர் என்று கேள். 180 நாளில் 18 நாள். பிள்ளைகள் வராத பள்ளியில் ஏதோ ஒன்று சரியில்லை. அது பள்ளிக்குள்ளேயும் இருக்கலாம், வீட்டிலும் சாலையிலும் இருக்கலாம், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

தாளவாடிக்கு நான் ஆண்டாய்வுக்குப் போன நாட்கள் உனக்கு நினைவிருக்கும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள், பேருந்து நடத்துனர் வழியாக நான் வருகிற செய்தி மேலே போய்ச் சேர்ந்துவிடும். போய் நின்றால் கரும்பலகையில் தேதி புதிதாக எழுதியிருக்கும், பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்ந்திருப்பார்கள், பதிவேடுகள் அடுக்கி இருக்கும். அந்த நாளில் பள்ளியைப் பார்த்து ஒரு பயனும் இல்லை என்பது எனக்குப் புரிவதற்கு ஐந்து வருடம் ஆயிற்று. அதன்பிறகுதான் சொல்லாமல் போக ஆரம்பித்தேன். ஈராசிரியர் பள்ளிகளில் ஒருவர் விடுப்பில் இருக்க, மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு எவ்வளவு அருமையாகப் பாடம் நடத்துகிறார் என்பதைப் பார்த்ததும் அப்படிப் போன நாட்களில்தான். வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைக்குக் கழிக்கத் தெரியாமல் இருந்ததைக் கண்டதும் அப்படித்தான்.

அமெரிக்காவில் சொல்லாமல் போக முடியாது. பாதுகாப்புக்காகக் கதவைப் பூட்டி வைத்திருப்பார்கள், அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டே போ. ஆனால் புதியவர்களை வரவேற்கும் நாளில் போகாதே, ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை போ. ஜூலையில் வீடு மாறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. அப்போது கோடை விடுமுறை, காலி அறைகளைத்தான் காட்டுவார்கள். ஏப்ரலில் போ. சாதாரண நாளில் போய்ப் பார்.

தலைமையாசிரியரிடம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதே. அவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் போனார்கள், எத்தனை இடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு ஒப்பேற்றுகிறார்கள், செவிலியரும் ஆலோசகரும் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்கள் என்று கேள். சின்னக்குட்டி வயதுக்கு மீறிப் படிக்கிறவள். நூலகத்தைத் திறந்து வைத்திருக்கிறார்களா, தூசியைத் துடைத்துக் காட்டுகிறார்களா என்று பார். கூடுதல் சொத்து வரிக்கு அந்த ஊர் மக்கள் வாக்களித்துப் பள்ளிக்குப் பணம் தருகிறார்களா என்றும் விசாரி. ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது அதை மறுபடி மக்களிடம் கேட்டாக வேண்டும் என்பதால், பள்ளியின் மேல் ஊருக்கு எவ்வளவு அக்கறை என்பது அதில் தெரிந்துவிடும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட கல்விக் குழுவின் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஒரு கூட்டத்துக்குப் போ. இடைவேளையில் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் நில். தனியாக நிற்கும் குழந்தை எது, அதை யாராவது வந்து அழைக்கிறார்களா என்று பார். சின்னக்குட்டியின் நிறத்தில் அங்கே வேறு குழந்தை இல்லாமலே போகலாம்.

அந்த ஆசிரியர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. 2018-இல் 55 கவுண்டிகளிலும் ஒன்பது பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பள்ளிச் சாப்பாட்டை நம்பி இருக்கும் பிள்ளைகள் பட்டினி கிடந்துவிடக் கூடாதென்று அவர்களே உணவுப் பைகளைக் கட்டிக் கொடுத்தார்கள் என்று படித்தபோது, சத்துணவுக் கூடத்தில் வரிசையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கவுண்டியிலேயே இருக்கும் கிரீன் பேங்க் வானாய்வகத்துக்காக 1958-இல் 13,000 சதுர மைல் பரப்பை வானொலி அமைதி மண்டலமாக அறிவித்து, தொலைநோக்கிக்கு அருகில் கைப்பேசிக்கும் வைஃபைக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள் என்பதையும் படித்தேன். அந்தப் பக்கத்துப் பள்ளி என்றால் கணினியில் எழுத வேண்டிய தேர்வுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் என்ன ஏற்பாடு என்று கேள். வீட்டில் கம்பித் தொலைபேசி கட்டாயம் வைத்துக்கொள். "அங்கே போனால் அடிக்கடி பேச முடியாது" என்று நீ போன மாதம் அம்மாவிடம் சொன்னாய். ஆனால் கண்ணு, நீ இன்னும் பிட்ஸ்பர்க்கில்தான் இருக்கிறாய்.

பேருந்தைப் பற்றிக் கட்டாயம் கேள். மலைப்பாதையில் காலையில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், எவ்வளவு நேரம் பயணம், பனி கொட்டினால் பாதி நாளில் பள்ளியை விட்டுவிடுவார்களே, அப்போது யார் போய் அழைத்து வருவது? நீ வார்டில் இருப்பாய். சேர்க்கைப் படிவத்தில் தாய் தந்தையர் பெயருக்குக் கீழே, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே யார் பெயரை எழுதப் போகிறாய்? நீ அனுப்பிய வாடகை ஒப்பந்தத்தில், குடியிருப்போர் என்ற இடத்தில் உன் பெயரும் சின்னக்குட்டி பெயரும் மட்டும் இருந்தன. மாப்பிள்ளைக்கு பிட்ஸ்பர்க்கில் வேலை இருப்பதால் வாரக் கடைசியில் வந்து போவாராக இருக்கும் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். பள்ளியிலிருந்து அழைப்பதானால் அந்த எண் உடனே எடுக்கப்படும் எண்ணாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன். எட்டாயிரம் பேர் இருக்கும் ஊரில் டாக்டர் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது ஒரு வாரத்தில் பள்ளிவரை தெரிந்துவிடும்.

அந்த மாநிலத்தில் தொடங்கிய ஓர் ஏற்பாட்டைப் பற்றிப் படித்ததிலிருந்து அதே நினைவாக இருக்கிறேன். ஒரு வீட்டில் இரவில் ஏதாவது நடந்து போலீஸ் போக நேர்ந்து, அங்கே பள்ளிப் பிள்ளை ஒன்று இருந்தால், காலையில் மணி அடிப்பதற்குள் பள்ளிக்குக் குறிப்பு போய்விடும். என்ன நடந்தது, யார் மேல் தவறு என்று எதுவும் அதில் இருக்காது. இந்தக் குழந்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான். அன்று அந்தப் பிள்ளை மேசையில் தலை வைத்துத் தூங்கினால் எழுப்ப மாட்டார்கள், வீட்டுப்பாடம் எங்கே என்று அதட்ட மாட்டார்கள். உங்கள் பள்ளியில் அந்த ஏற்பாடு உண்டா என்று கேள். சின்னக்குட்டிக்குத் தேவைப்படும் என்று நான் சொல்லவரவில்லை. அதை மனத்தோடு செய்கிற பள்ளி எந்தக் குழந்தையையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவையும் உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். 2006-இல் உன்னை நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தபோது, வாசலில் வைத்திருந்த கட்-ஆஃப் பலகையைப் பார்த்தேன். அது மட்டும்தான் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்துவார்கள் என்பது, அதிகாரியாக இருந்த எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தே சேர்த்தேன். இரண்டாவது மாதம் ஞாயிற்றுக்கிழமை, வேப்பமரத்தடியில் அம்மா கொண்டுவந்த சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "ரெண்டு வருசம்தான், பொறுத்துக்க" என்றேன். அந்த வாரம்தான் கடம்பூர் மலையில் ஒரு பள்ளியின் பார்வைப் புத்தகத்தில், பெண் குழந்தைகளின் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஏழு நாட்களுக்குள் சரிசெய்து அறிக்கை தர வேண்டும் என்று என் கையால் எழுதிவிட்டு வந்திருந்தேன். ஊரார் பிள்ளைகளுக்கு எழுதிய அந்த ஒரு வரியை என் பிள்ளைக்காக அந்த அலுவலகத்தில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் உன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், கட்-ஆஃப் போய்விடும் என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு நீ எங்களிடம் எந்தக் குறையும் சொன்னதில்லை. மருத்துவக் கல்லூரியிலும் சொல்லவில்லை, கல்யாணத்துக்குப் பிறகும் சொல்லவில்லை. நல்ல மனத்திடம் உள்ள பெண் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்த மரத்தடியில் நான்தான் உன் வாயை அடைத்தேன் என்பது எனக்கு இப்போது, எழுபதை நெருங்கும்போதுதான் புரிகிறது. தவறு என்னுடையது, கண்ணு. அதை இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததும் என் தவறு.

எனக்கும் அம்மாவுக்கும் விசா இருக்கிறது. ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது அங்கே வந்து பனிக்காலம் முடியும் வரை இருக்கிறோம். சின்னக்குட்டி பேருந்திலிருந்து இறங்குமிடத்தில் அப்புச்சி நின்றுகொண்டிருப்பேன் என்று அவளிடம் சொல். பெரியப்பா வீட்டில் நடந்ததைப் போல இங்கே யாரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா. குளியலறைக் கதவையும் பார். சேர்க்கைப் படிவத்தை நிரப்பியதும் நகலை எனக்கு அனுப்பு. இரண்டாவது பெயருக்கான இடம் காலியாக இருந்தால் அப்படியே அனுப்பு.

அன்புடன்,
அப்பா