நீங்கள் தாண்டிப்போன வரி

அன்புள்ள அண்ணா,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்கள் மகள் போனில் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுவாள், பாதி தப்பாக வரும். பரவாயில்லை. உங்கள் எழுத்தெல்லாம் உங்கள் அம்மாவுக்கு அப்படித்தானே போய்ச் சேர்ந்தது? பேப்பரில் ஆங்கிலத்தில் பத்தி எழுதுவீர்கள், சனிக்கிழமை காலையில் சமையலறை மேசையில் பேப்பரை விரித்து ஸ்பானிஷில் சொல்லுவீர்கள், அம்மா பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார். ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நான் உங்கள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்த லேப் டெக்னீஷியனாகவே இருக்கிறேன். தங்கையாக இருக்க முடியவில்லை.

இன்று ஆகஸ்ட் 29. ஐம்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் போரில் தங்கள் பிள்ளைகள் அளவுக்கு மீறிச் சாகிறார்கள் என்று 1970 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை, 20,000 பேருக்கு மேல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஊர்வலம் போனார்கள். மெக்சிகோ வம்சாவளி மக்கள், தங்களைச் சிகானோ என்று சொல்லிக்கொண்டவர்கள். லகூனா பார்க்கில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைக் கண்ணீர்ப்புகை போட்டு விரட்டினார்கள். அன்று பிற்பகல் விட்டியர் பூலவார்டில் சில்வர் டாலர் என்ற மதுக்கடைக்குள் இருந்த ரூபென் சலஸாரின் தலையில், ஷெரீப் படைக்காரர் ஒருவர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்தது. சலஸார் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் பத்தி எழுதிக்கொண்டு, ஸ்பானிஷ் தொலைக்காட்சியில் செய்தி இயக்குநராகவும் இருந்தவர். இறந்தபோது வயது 42. ஒருவர் மேலும் குற்ற வழக்கு வரவில்லை. அந்தப் பார்க்குக்கு இப்போது அவர் பெயர்.

உங்கள் சமையலறையில் குவாதலூப்பே மாதாவுக்குப் பக்கத்தில் அவர் படம் இருந்தது. வந்த புதிதில் அவரை உங்கள் அப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் வரப்போகிறது என்று உங்கள் மகள் எழுதியிருந்தாள். பத்திகளையெல்லாம் சேர்க்கிறீர்களாம், 2000 ஆகஸ்ட் பத்தி மட்டும் கிடைக்கவில்லையாம், என்னிடம் இருக்குமா என்று கேட்டாள். இருக்கிறது. 1997 முதல் 2003 வரை நீங்கள் எழுதியது எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறது. மரியாச்சி பிளாசாவில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, டிரம்பெட் பெட்டி மேலேயே உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்காரர் யாராவது வண்டியை நிறுத்துவாரா என்று காத்திருக்கும் வாத்தியக்காரர்களைப் பற்றி எழுதினீர்களே, அது இருக்கிறது. ப்ரூக்லின் அவென்யூவுக்கு 1994-இல் விவசாயத் தொழிலாளர் தலைவர் சேசர் சாவேஸ் பெயர் வைத்த பிறகும் அம்மா ப்ரூக்லின் என்றே சொன்னதை எழுதியது இருக்கிறது. (நாங்களும் இன்னும் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்கிறோம். அன்று உங்களிடம் சொன்னேன், நீங்கள் குறித்துக்கொண்டீர்கள்.) நெடுஞ்சாலைகள் விழுங்கிய தெருக்களைப் பற்றிய பத்தியை இன்றும் என்னால் பாராமல் சொல்ல முடியும். யாரும் எழுதாத தெருக்களை நீங்கள் எழுதினீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஆகஸ்ட் பத்தியைக் காலையில் பஸ்ஸிலேயே வாசித்துவிட்டேன். அதனால்தான் மேசையில் நீங்கள் தாண்டியது எனக்குத் தெரிந்தது. உங்கள் விரல் வரி வரியாக இறங்கி வந்தது. நாலாவது பாராவில் நின்றது. அப்புறம் ஒரு வரி விட்டுக் கீழே போனது. குரல் மாறவில்லை. அம்மாவின் கையும் நிற்கவில்லை, ஒரு கல்லை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். ‘டிங்’ என்று கேட்டது. நான் தலையைத் தூக்கினேன், நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான். சொல்லாதே என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை வாடகை கொடுக்கப் போனேன். அம்மா பேப்பரை எடுத்து என் முன்னால் வைத்து, நாலாவது பாராவில் விரலை வைத்தார். “வாசி.”

நான் என்ன செய்திருக்க வேண்டும், அண்ணா? இருபத்தைந்து வருடமாக யோசிக்கிறேன். ஆங்கிலத்தில் அந்த வரி மென்மையாகத்தான் இருந்தது. என் அம்மா அன்று பார்க்கில் இல்லை, தையல் ஃபாக்டரியில் இருந்தார், ஆனாலும் அந்தப் புகை அவர் கண்ணில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குறை சொல்லும் வரி இல்லை. ஆனால் என் ஸ்பானிஷ் அரைகுறை. மென்மையாகச் சொல்ல வேண்டிய சொற்கள் என்னிடம் இல்லை. வாயில் வந்தது இரண்டே சொல்தான்: நோ எஸ்துவோ. இல்லை, இருக்கவில்லை.

அம்மா பேப்பரை மடித்தார். “சரி” என்றார். ஸ்பானிஷ் ‘ஸி’ கூட இல்லை, நான் கற்றுக்கொடுத்த தமிழ் ‘சரி’.

தப்புதான். உங்கள் முன்னால் அவரை அப்படி நிற்க வைத்திருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள். ஆனால் அந்த வரியை எழுதியது நான் இல்லையே? ஆயிரக்கணக்கான பேர் வாசிக்க எழுதத் தெரிந்தது, பெற்றவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அதற்கு நீங்கள் எனக்குக் கொடுத்த தண்டனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சை நிறுத்தினீர்கள். பின்கட்டைக் காலி செய்தேன். 2006-இல் அம்மா போனதை ரொட்டிக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்பது நாள் ஜெபமாலை முடிந்துவிட்டிருந்தது. நான் அவரை ஆறு வருடம் ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு அதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நவம்பரில், உங்கள் இறந்தவர்கள் நாளுக்கு, வீட்டில் தனியாகப் படையல் போட்டேன். துலுக்கச் சாமந்தி வாங்கினேன். எங்கள் ஊரில் மாலைக்குக் கட்டும் பூ உங்கள் மெக்சிகோவிலிருந்துதான் வந்தது என்று சொன்னதே நீங்கள்தான்.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் பார்த்துத்தான் எழுத வேண்டும். பெயர், ஊர், ஃபாக்டரி எதையும் சொல்லமாட்டேன். இந்த ஜூனில் நகர மையத்தில் துணிக் கிடங்குக்குள் குடிவரவு அதிகாரிகள் புகுந்து ஆட்களைப் பிடித்துப் போனதற்குப் பிறகு, யாரைப் பற்றி எழுதினாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

நீங்கள் அந்த வரியை எழுதியது ஒரு சம்பளச் சீட்டை வைத்து. அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை முழு நாள் வேலை என்று அதில் இருந்தது. நீங்கள் செய்தியாளர், சீட்டை நம்பினீர்கள். நானும் நம்பியிருப்பேன்.

‘சரி’ சொன்னதற்கு ஒரு மாதம் கழித்து, துணி காயப்போடும்போது அம்மா என்னிடம் சொன்னார். அன்று காலை வருகைக் கார்டு அடித்தது அவர் இல்லை. மாலையில் அடித்ததும் அவர் இல்லை. பக்கத்து மெஷினில் தைத்தவள் இரண்டு பேருக்கும் அடித்தாள். கூலி போய்விடக் கூடாது, வேலையும் போய்விடக் கூடாது. அம்மாவின் துணிக்கட்டையும் சேர்த்து அவளே தைத்தாள். அம்மா ஊர்வலத்துக்குப் போனார். “அவனிடம் சொல்லாதே” என்றார். ஏன் என்று கேட்டேன். “எழுதிவிடுவான். அவள் மாட்டிக்கொள்வாள்.”

எழுதத்தான் செய்திருப்பீர்கள். என் அப்பா இறந்த செய்தி வந்த இரவு நான் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அழுததை எழுதவில்லையா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பத்தி நன்றாக வேறு இருந்தது. அதை வெட்டி ஃபைலில் வைத்தபோது எனக்குக் கோபத்தில் மறுபடி அழுகை வந்தது.

அம்மா சொன்னது உண்மையா? சில நாள் முழுக்க நம்புகிறேன். சில நாள், மகன் அப்படி எழுதிவிட்டானே என்ற வருத்தத்தில் எனக்காக ஒரு கதை கட்டினாரோ என்று தோன்றும். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை. அன்று உங்களுக்கு நான்கு வயது. இரவு அம்மா வந்து தூக்கியபோது சேலைக்கு, மன்னியுங்கள், சட்டைக்கு என்ன வாசனை இருந்தது என்று உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

ஃபைலை நேற்றுத் தபாலில் போட்டேன். ஆகஸ்ட் பத்தி மேலேயே இருக்கிறது. நாலாவது பாராவுக்குப் பக்கத்தில் பென்சிலில் இருப்பது என் கையெழுத்து. அம்மாவிடம் சொன்ன பிறகு, அகராதியைப் பார்த்து அந்த வரியை ஒழுங்காக ஸ்பானிஷில் எழுதி வைத்தேன். அவரிடம் வாசித்துக் காட்டவே இல்லை.

பக்கத்து மெஷின்காரி இன்னும் இருக்கிறார். யார் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் முதல் திருவிருந்துச் சட்டையைத் தைத்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில்தான் இருப்பார். காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நோட்டுப் புத்தகம் எடுத்துப் போகாதீர்கள், அண்ணா.

உங்கள் தங்கை,
பின்கட்டிலிருந்து