மெமோவுக்கு முன்னால் வேக்கம் சார்ட்டைப் பாருங்கள்

சர்க்கரை ஆலை நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பேன் ஸ்டேஷனில், அதாவது பாகை வேக்கத்தில் (அழுத்தம் குறைத்து) கொதிக்க வைத்து சர்க்கரை மணி (படிகம்) வளர்க்கிற இடத்தில், இருபது சீசனுக்கு மேல் நின்றவன் நான், ஆலையின் பெயர் வேண்டாம். சர்க்கரையில் பொடி கலந்திருக்கிறது, எம் கிரேடு (நடுத்தர மணி) கேட்டால் எஸ் (சிறிய மணி) வருகிறது என்றதும் பேன்மேனுக்கு மெமோ போகிறது. எனக்கும் இரண்டு வந்தன. ஒன்று நியாயம்தான், கண் அசந்துவிட்டேன். இன்னொன்று வேக்கம் செய்த வேலை.

அன்று ராத்திரி பேனில் மணி நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று வேக்கம் ஏறி, கொதிநிலை குறைந்து, 65 டிகிரியில் கொதித்த பாகு சில நிமிடத்தில் நாலைந்து டிகிரி இறங்கிவிட்டது. சூடு குறைந்தால் பாகில் கரைந்து நிற்கிற சர்க்கரையும் குறையும். மெதுவாக இறங்கியிருந்தால் அந்த மிச்சச் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிற மணிகள் மேலேயே படிந்திருக்கும், சட்டென்று இறங்கினால் அதற்கு அவகாசம் ஏது, புதிதாகப் பொடி மணி பிறந்துவிடும். ஃபால்ஸ் கிரெய்ன் என்று நாம் திட்டுவது இதைத்தான். கண்ணாடியில் தடவி விளக்கில் பிடித்தால் பெரிய மணிகளுக்கு நடுவே தூசி மாதிரி தெரியும். தண்ணீர் விட்டுக் கரைக்கலாம், ஆனால் அதை ஆவியாக்க மறுபடி நீராவி செலவு. கரைக்காமல் இறக்கினால் மொலாசஸ் (மணியைச் சுற்றி மிஞ்சுகிற பாகு) சென்ட்ரிபியூகலில் (சுழற்றி வடிக்கிற இயந்திரத்தில்) சரியாக வடியாது, கழுவும் தண்ணீரைக் கூட்டுவீர்கள், நல்ல சர்க்கரையும் கரைந்து மொலாசஸோடு போகும்.

அப்புறம் விதை, அதாவது மணி வளரத் தொடங்க பேனில் போடுகிற நுண்ணிய சர்க்கரைத் தூள். 0.01 மி.மீ. விதை 1 மி.மீ. மணியானால் எடை 10 லட்சம் மடங்கு. அதனால்தான் ஒரு பேனுக்குக் கொஞ்சம் ஸ்லரியே (விதை கலந்த திரவம்) போதும், அதனாலேயே அளவு தவறினாலும் அடி பலம். விதை இரண்டு மடங்கு விழுந்தால் அதே சர்க்கரையைப் பங்கு போட்டு ஒவ்வொரு மணியும் எடையில் பாதியாகி, குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு சிறுத்துவிடும். இதைப் போய் டீ டம்ளரில் குத்துமதிப்பாக ஊற்றுகிறோம், அதுவும் அடியில் படிந்த பாட்டிலைக் குலுக்காமல்!

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேக்கத்துக்கு ஒழுங்கான கன்ட்ரோலர், ஸ்லரிக்கு ஓர் அளவுக் குடுவை, விதை போட்ட முதல் அரை மணி நேரம் பேன்மேனை யாரும் வேறு வேலைக்குக் கூப்பிடாமல் இருப்பது. "அடுத்த பேன் காத்திருக்கு, சீக்கிரம் இறக்கு" என்று ஷிப்டுக்குப் பத்து தடவை போன் செய்வதையும் நிறுத்துங்கள். அந்த இரண்டாவது மெமோவைத் திரும்பப் பெற்றால் இன்னும் சந்தோஷம், ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும்.