செயலாளரின் ஆண்டறிக்கை: கேரளத்துச் சேந்தமங்கலம் யூதர் இடுகாடு

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் சில உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது. பள்ளி மாணவர்கள் தொழுகைக்கூடத்தையும் அதன் முன்னுள்ள சாரா பத் இஸ்ராயேலின் (இஸ்ராயேல் மகள் சாரா) 1269-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்லையும் பார்த்துச் சென்றனர்.

கல்லறைப் பூச்சுவேலை ஏன் இன்னும் முடியவில்லை என்று வெளியே பேச்சு அடிபடுகிறது. பேசுபவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்பதால் பதிலை எழுத்திலேயே வைக்கிறேன். சிமெண்ட் பூசியிருந்தால் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் உள்ளே இருப்பது வெட்டுக்கல். அது மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் பூச்சு வழியாக வெளியேற வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். சில மழைக்காலங்களில் பூச்சு பாளமாகக் கழன்று, கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும்.

ஆகவே சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது மூன்று வாரம் தண்ணீருக்குள் கிடக்க வேண்டும். சரியாக நீறாத கட்டி கலந்தால் பூசிய பிறகு பொங்கி, சுவரில் குழி விழும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நனைத்த சாக்கு போட்டு மூட வேண்டும். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழையும் போக நமக்குக் கிடைப்பது டிசம்பர் முதல் மார்ச் வரைதான். சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று அங்கே கரண்டி சத்தம் கேட்கக்கூடாது என்பது என் பிடிவாதம். மிஞ்சுவது ஞாயிறு. ஞாயிறன்று எத்தனை உறுப்பினர்கள் வந்தார்கள் என்பது வருகைப்பதிவேட்டில் உள்ளது.

பாசியை அமிலம் ஊற்றித் தேய்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. வேண்டாம். தண்ணீர், மென்மையான தூரிகை, மூங்கில் சீவல் போதும். விரிசலில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கினால் கட்டுமானமும் கூடவே வரும். கழுத்தில் அறுத்து விட வேண்டும். எக்காரணம் கொண்டும் தோண்டவோ, கல்லை இடம் மாற்றவோ கூடாது. கல்லறையைக் கலைப்பது யூத மரபில் பெருங்குற்றம்.

கல்லறைக் கற்களின் எபிரேய எழுத்துப் படிக்கும் பணி ஓரளவு நகர்ந்தது. சுண்ணக்கட்டி தேய்க்காமல், கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் விழச்செய்தால் எழுத்து எழும்பும். ஆயிரத்தை விட்டு எழுதிய யூத ஆண்டோடு 1240 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்: 715 என்றால் 1955. மாதம் யூத ஆண்டின் முதல் மூன்றான திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்றால் 1954. அடுத்த தெபேத் மாதத்தில் ஆங்கில ஆண்டு மாறுவதால் தேதியும் வேண்டும். எபிரேயத்தில் எழுத்தே எண். பதினைந்தைப் பத்தும் ஐந்துமாகத் தேடாதீர்கள்; இறைவன் பெயரைத் தவிர்க்க ஒன்பதும் ஆறுமாகவே எழுதுவார்கள். தேய்ந்த கல்லில் ஐந்தைக் குறிக்கும் ஹேயும் எட்டைக் குறிக்கும் ஹெத்தும் ஒன்றுபோல் தெரியும், ஐந்து எட்டாகிவிடும். இவற்றைப் பார்க்காமல் அவசரமாகப் படித்ததால் கல்லறைகளின் பழைய பட்டியல் முழுவதும் சந்தேகத்துக்குரியது.

பட்டியல் யாருக்கு என்று கேட்கிறார்கள். கொச்சி அரசின் அமைச்சர் குடும்பமான பாலியம் குடும்பத்தார் நிலம் தந்து குடியமர்த்தியதாகச் சொல்லப்படும் இவ்வூர் யூதச் சமூகம் 1950களில் இஸ்ரேல் சென்றது. அவர்களின் பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். கோஹன் வழியினர், அதாவது யூத குருமார் மரபினர், இடுகாட்டுக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு வெளியே நிழல் வேண்டும். உள்ளே போனவர்கள் திரும்பும்போது மரபுப்படி கைகழுவக் குழாய் வேண்டும். இரண்டும் தீர்மானமாக நிறைவேறின, பணமாக நிறைவேறவில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி பல ஆண்டுகளுடையது. பெயர்களை இங்கே வாசிக்கப்போவதில்லை, பட்டியல் மேசையில் இருக்கிறது. பூட்டும் தார்ப்பாயும் அளித்தவர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்புக்கு வேறொருவர் முன்வந்தால் சாவியை மகிழ்ச்சியுடன் கொடுப்பேன். தொட்டியில் சுண்ணாம்புக்கு மேல் எப்போதும் நான்கு விரற்கிடை தண்ணீர் நிற்க வேண்டும், காற்றுப் பட்டால் இறுகிவிடும் என்பதை மட்டும் அவர் மறக்கக்கூடாது. டிசம்பர் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும். சாக்கு இருக்கிறது, ஆள்தான் இல்லை. சந்தாவையும் அங்கேயே கட்டலாம். ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கும்.