மண்ணுக்கடியில் இருப்பது யாருக்குமே தெரியாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போது குடிநீர்க் குழாய் உடைந்த செய்தியில், "பூமிக்கடியில் என்ன போகிறது என்று யாருக்கும் தெரியாது" என்று ஓர் அதிகாரி சொன்னதை அப்படியே போட்டிருக்கிறீர்கள். மறுகேள்வி கேட்காமல் விட்டுவிட்டீர்களே என்று பழைய வாசகனான எனக்கு மனசே ஆறவில்லை.

தெரிந்தவர் இருந்தார். எங்கள் வார்டில் தண்ணீர் திறந்துவிடும் பெரியவர், பிள்ளையார் கோயில் மதில் மூலையிலிருந்து நாலு எட்டு வைத்து "இங்கே தோண்டு" என்பார், வால்வு மூடி அங்கேதான் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அனுப்பினார்களே தவிர, அவரை உட்காரவைத்து ஒரு வரைபடம் போட்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டார்கள், மூடிகள் எல்லாம் புதைந்துபோயின. போன மழைக்காலத்தில் குழாயில் சாக்கடை கலந்து தெருப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் துவண்டபோது, எந்த வால்வை அடைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

மின்சாரக்காரரிடம் கேட்டால் கம்பத்து நம்பர் சொல்கிறார், வரி கட்டுமிடத்தில் வார்டும் கதவு எண்ணும் (அதிலும் பழசு, புதுசு), தாலுகா ஆபீசில் சர்வே நம்பர். தெரு ஒன்றுதான், மூன்று பதிவேட்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

விதி இல்லாமலா? தொலைத்தொடர்புக் கேபிளைக் காக்க, தோண்டுகிறவர்கள் பொது இணையதளம் வழியாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் விதி வந்தது. மார்ச்சில் அதற்கென்றே 'கால் பிஃபோர் யூ டிக்' (தோண்டுமுன் கேளுங்கள்) செயலியைப் பிரதமரே தொடங்கிவைத்தார். தாறுமாறாகத் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று சொன்னதும் மத்திய அரசுதான். சாலை, ரயில், மின்பாதை எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் அடுக்கத்தான் 2021-ல் மத்திய அரசின் கதிசக்தி திட்டம் வந்தது. எங்கள் தெருக் குழாய் எந்தத் தாளிலும் இல்லாதபோது அதில் எதை ஏற்றுவார்கள்? பொக்லைன் ஓட்டும் தம்பியிடம் செயலியைப் பற்றிக் கேட்டேன், கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மின்கேபிளில் பல் பட்டால் முதலில் ஆபத்து அவருக்குத்தான்.

பள்ளம் இன்னும் மூடவில்லை, குழாய் கண்ணுக்கெதிரே கிடக்கிறது. மூடுவதற்குள் ஆழத்தை டேப் வைத்து அளந்து, செல்போனில் இருப்பிடத்தோடு படமெடுத்து, எல்லா அலுவலகத்திலும் ஒரே எண்ணில் பதியச் சொல்லி நாலு வரி எழுதுங்கள். தோண்டுமுன் அறிவிப்பு கொடுத்தாரா என்று அந்த அதிகாரியிடம் கேட்டு, அவர் பதிலையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்