கீமோ அசதி மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். உங்கள் நாளிதழின் குறுக்கெழுத்தைப் பென்சிலால் நிரப்பிவிட்டுத்தான் காபியைத் தொடுவார். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு பேப்பர் மடிப்புக் கலையாமலே திண்ணையில் கிடந்தது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, பேச்சில்லை. சாத்துக்குடியோடு வந்த உறவினர்கள் ‘தைரியமா இருங்க’ என்று சொல்லிவிட்டு டிவி பார்த்தார்கள். மருத்துவமனையில் எடை பார்த்தார்கள், ரத்த அணுக்களை எண்ணினார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும்தான் கேட்கவில்லை. ‘சின்னக் கட்டி’ என்றல்லவா வீட்டில் சொல்லிவைத்திருந்தோம்!

பசியின்மை, உறக்கமின்மை, களைப்பு மூன்றும் கீமோவாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். அதனால் மனச்சோர்வு கண்ணில் படாமலே போய்விடுகிறது. ‘கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்தீர்களா?’ முதற்கட்டமாக இந்த இரண்டு கேள்விகள் போதும். ஊசி ஏற்றும்போதே செவிலியர் கேட்டுவிடலாம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் கீமோ வார்டுகளுக்கு வாரம் ஒருநாளாவது மனநல ஆலோசகர் வர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். நோயாளிக்குத் துணையாக வந்து, வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பவர்களிடமும் அவர் பேச வேண்டும். அதுவரை, தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவையான டெலிமனஸின் 14416 என்ற இலவச எண்ணை வார்டு சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

வாசகர் ஒருவர்,
கும்பகோணம்