விஜயாவுக்கு, கீழிருந்து மேலாக

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. மொட்டை மாடிக்கு ஏறுவதை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவிடு. காய்ந்த துணி தானாக இறங்கி வருமா என்று கேட்பாய், தெரியும். இருந்தாலும் ஏறாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு வலது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. பேப்பரில் குறுக்கெழுத்தை எவ்வளவு சின்னதாகப் போடுகிறார்கள் என்பது இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது.

அதைத்தானே நீ கேலி செய்திருந்தாய்? ‘வில்லை ஒடித்தவன் யார் என்று கேட்கிறான், அதையும் தலைகீழாக எழுதச் சொல்கிறான், சின்னப் பிள்ளை விளையாட்டு’ என்று. குறிப்புகள் சுலபம், அதை ஒத்துக்கொள்கிறேன். தலைகீழ் விஷயத்தில்தான் உன்னோடு சண்டை.

நீயே ஒரு கட்டம் போட்டுப் பார். மேல் வரிசையில் ‘மரகதம்’ என்று எழுது. கடைசிக் கட்டத்தில் ‘ம்’ வந்து உட்கார்ந்துவிடும். அங்கிருந்து கீழே ஒரு சொல் இறங்க வேண்டும். ‘ம்’ என்று தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவாய்? புள்ளி வைத்த எழுத்தில் நம் சொல் எதுவும் தொடங்காது, ஆனால் முடிகிற சொற்களோ ஏராளம். அப்படியானால் அந்த மூலையில் இன்னொரு சொல்லும் முடியத்தான் வேண்டும். ‘சுரங்கம்’ என்று கீழே ‘சு’வில் ஆரம்பித்து மேலே ஏறி வந்து அதே ‘ம்’மில் சேரும். உனக்கு எரிச்சலூட்டும் ‘கீழிருந்து மேல்’ இப்படித்தான் பிறக்கிறது. ஆங்கிலக்காரருக்கு 26 எழுத்து, எங்கே குறுக்கே வெட்டினாலும் ஏதோ ஒரு சொல் அகப்படும். நமக்கு 247. ‘க’ இருக்கிற இடத்தில் ‘கா’கூட உதவாது. ‘எழுத்துகள் கலைந்துள்ளன’ என்று போடுவது கட்டம் போடுகிறவருடைய கடைசி அஸ்திரம். அதையே வாரத்தில் நாலு நாள் எடுத்தால் எனக்கும் கோபம் வரும், அது வேறு.

போடுகிறவருக்குக் கஷ்டமானது நிரப்புகிறவருக்கு லாபம். நடுவில் ‘ங்’ விழுந்தால் அடுத்த கட்டம் க, கா, கி வரிசைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ‘ழு’வோ ‘ஞா’வோ ஒன்று கிடைத்தால் பாதிச் சொல் கிடைத்த மாதிரி. காலையில் இவர் விளையாட்டுப் பக்கத்தோடு வாசலுக்குப் போனதும் நான் பென்சிலை எடுப்பேன். பெரும்பாலும் ஒன்றிரண்டு மிஞ்சிவிடும். அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். புளி கரைக்கும்போதோ, பால்காரருக்குச் சில்லறை எண்ணும்போதோ, நினைக்காத நேரத்தில் சொல் வந்து விழும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவும். பேரன் உடனே போனில் தேடித் தருகிறேன் என்கிறான். வேண்டாம், நாளைக்கு விடை வரும் என்று விரட்டிவிடுவேன். தீபாவளிக்கு மறுநாள் பேப்பர் கிடையாது என்றால் இரண்டு நாள் காத்திருக்கட்டுமே, என்ன குறைந்துவிடும்?

வெளியூர் போன் இணைப்புக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி டியூட்டியில் நாம் போர்டுக்கு அடியில் வைத்து நிரப்பியது ஞாபகம் இருக்கிறதா? 1942 ஜனவரியில், யுத்த சமயம், லண்டன் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிப்பவர்களைக் கூப்பிட்டுப் போட்டி வைத்ததாம். கலந்துகொண்டவர்களில் சிலரை ராணுவம் அழைத்து, பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மன் சங்கேதங்களை உடைக்கும் வேலையில் சேர்த்துக்கொண்டது. நம்மையும் கூப்பிட்டார்கள், சூப்பர்வைசர் அறைக்கு.

பரிசு என்று வந்தால் இந்த விளையாட்டு கெட்டுப்போகும் என்பது என் கட்சி. பெரியப்பா அந்தக் காலத்துப் பரிசுப் போட்டிகளில் கட்டணம் கட்டிக் கட்டியே காசை விட்டவர். ‘மனிதனை ஆட்டிவைப்பது’ என்று குறிப்பு இருக்கும், ‘ப’வும் ‘ம்’மும் கொடுத்திருப்பார்கள். நடுவில் ஒரு கட்டம். பணமா, பயமா? இரண்டும் சரிதான், ஆனால் நடத்துகிறவர் உறையில் வைத்ததுதான் விடை. அறிவுக்கு அங்கே என்ன வேலை? நாடு முழுக்க இந்தப் பைத்தியம் முற்றித்தான் 1955இல் சட்டமே வந்தது. மாதத்துக்கு மொத்தப் பரிசு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது, ஆனால் அது சூதாட்டம் போன்ற போட்டிகளுக்குத்தான், திறமையால் ஜெயிக்கும் போட்டிகளுக்கு இல்லை என்றும் சொன்னார்கள். பெரியப்பா அதற்கப்புறம் சீட்டாட்டத்துக்குப் போனார் என்பது குடும்ப ரகசியம்.

சரி, சுலபம் என்கிறாயே, கஷ்டமானதும் தமிழில் உண்டு. நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்கிற வகை. அண்ணன் மகள் இங்கே வந்திருந்தபோது ஆங்கிலப் பேப்பரில் அதை நிரப்புவாள். நாமும் தமிழில் செய்து பார்க்கலாமே என்று இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே முயன்றோம். அவள் சொன்னது: ‘கழுத்தில் விழும் பொழுது (2)’, அதாவது விடைக்கு இரண்டு எழுத்து. விழும்போது என்ன ஆகும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். விடை ‘மாலை’! கழுத்தில் விழுவதும் அதுதான், பொழுதும் அதுதான். கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

பதிலுக்கு நான் கட்டியதை உனக்கு அனுப்புகிறேன். ‘கவிஞன் தலையில் முளைக்கக் காத்திருப்பது (3)’. தலை என்றால் முதல் எழுத்து, அவ்வளவுதான் சொல்வேன். மருமகளிடமோ போனிடமோ கேட்காதே. விடையைப் பதில் கடிதத்தில் எழுது, பிசியோதெரபிக்கு இன்னும் எத்தனை நாள் போக வேண்டும் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
கமலா